உடல் இயக்கம் – 7: வலிக்காத கால்

பந்து வீசும்போது முழங்கை 15 டிகிரிக்கு மேல் நீளலாமா கூடாதா என்ற வழக்கையும், அதில் முரளிதரன் பட்ட பாட்டையும் சென்ற வாரம் பார்த்தோம். அங்கே கேமராக்கள் இருந்தன, கணினிகள் இருந்தன, கிரிக்கெட் உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. இந்த வாரம் சொல்லப்போகிற ஆராய்ச்சி, யாரும் எட்டிப் பார்க்கத் துணியாத ஓர் இடத்தில் தொடங்கியது.

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் மின்சார ரயிலில் கல்லூரி நேரத்தில் ஏறினால் பொத்தேரியில் கூட்டம் மளமளவென்று இறங்கிவிடும். எல்லாம் எஸ்.ஆர்.எம். மாணவர்கள். உயிர்மருத்துவப் பொறியியல் படிக்கிறவர்களும் அதில் உண்டு. அவர்கள் ஒருநாள் இறங்காமல் அப்படியே செங்கல்பட்டு வரை போக வேண்டும் என்பது என் ஆசை. ஊரை ஒட்டிய திருமணியில் மத்திய தொழுநோய் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1955இல் மத்திய அரசு ஏற்கும் வரை அதற்கு லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை என்று பெயர்.

1947இல் அங்கே ஓர் இளம் அறுவை மருத்துவர் வந்தார். பால் பிராண்ட். கொல்லிமலையில் வளர்ந்த மிஷனரி வீட்டுப் பிள்ளை, வேலூர் சி.எம்.சி.யில் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. செங்கல்பட்டில் இருந்த தொழுநோய் நிபுணர் ராபர்ட் காக்ரேன் அவருக்கு வளாகத்தைச் சுற்றிக் காட்டினார். விரல்கள் மடங்கி இறுகிப்போன ஒரு நோயாளியிடம், என் கையை அழுத்திப் பிடியுங்கள் என்றார் பிராண்ட். செத்துப்போன கை, என்ன பிடிக்கப்போகிறது என்றுதான் நினைத்திருப்பார். பிடித்த பிடியில் அவர் கை வலித்தது. விரலை நிமிர்த்த முடியாத அந்தக் கைக்குள் நல்ல பலமான தசைகள் இருந்தன.

ஏன் இப்படி? பின்னாளில், செங்கல்பட்டில் இறந்துபோன ஒரு நோயாளியின் உடலை இரவோடு இரவாகப் பரிசோதித்தபோது விடை தெளிந்தது. தொழுநோய்க் கிருமிக்குக் குளிர்ந்த இடம் பிடிக்கும். முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் சுரீர் என்று சுண்டுவிரல் வரை பாயுமே, அந்த நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. கிருமி அங்கேதான் அதை வீங்க வைத்துக் கெடுக்கிறது. அதனால் உள்ளங்கையின் சின்னத் தசைகள் படுத்துவிடுகின்றன. முன்கையின் பெரிய தசைகளுக்குப் போகும் நரம்புக் கிளைகளோ ஆழத்தில், சூட்டில், பத்திரமாக இருக்கின்றன. இழுக்கும் தசை இருக்கிறது, சமன் செய்யும் தசை இல்லை. விரல் மடங்குகிறது.

அப்படியானால் நல்ல தசை ஒன்றை இடம் மாற்றலாமே! பிராண்ட் அதைத்தான் செய்தார். முன்கையின் ஒரு தசையை எடுத்து, காலிலிருந்து எடுத்த தசைநாணை அதில் ஒட்டவைத்து, நான்கு கிளையாகப் பிரித்து நான்கு விரல்களுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார். எவ்வளவு இழுவிசை வேண்டும், எந்தக் கோணத்தில் தைக்க வேண்டும் என்பதெல்லாம் சுத்தமான இயந்திரவியல். அதற்கப்புறம்தான் நோயாளியின் பாடு: மணிக்கட்டை அசைத்துவந்த தசையை விரலுக்குப் பழக்க வேண்டும். வாரக்கணக்கில் பயிற்சி.

காலின் கதை இன்னும் ஆழமானது. தொழுநோயில் சதை தானாக அழுகி உதிர்கிறது என்றே அப்போது மருத்துவர்களும் நம்பினார்கள். பிராண்டால் திறக்க முடியாத துருப்பிடித்த பூட்டை ஒரு சிறுவன் சாவியைத் திருகித் திறந்துவிட்டான். பார்த்தால் விரலில் எலும்பு தெரியும் அளவுக்கு வெட்டு, அவனுக்குத் தெரியவே இல்லை. புண் வருவது நோயால் மட்டும் அல்ல, வலி தெரியாமல் போடும் அழுத்தத்தால் என்று அவருக்குப் புரிந்தது.

நாம் நாலைந்து கிலோமீட்டர் நடந்தால் கால் வலிக்க ஆரம்பிக்கும். உடனே நம்மை அறியாமலே பாதத்தின் ஓரத்துக்கு எடையை மாற்றுவோம், அடியைச் சுருக்குவோம், லேசாகச் சாய்வோம். முதல் கிலோமீட்டரில் நடந்த மாதிரி ஐந்தாவதில் யாரும் நடப்பதில்லை. உணர்வில்லாத கால் கடைசி வரை ஒரே மாதிரி நடக்கும். விரல்களின் அடிப்பக்க மேட்டில் அதே இடம், அதே அழுத்தம், ஆயிரக்கணக்கான தடவை. ஒரு தடவைக்கு அந்த அழுத்தம் ஒன்றுமே இல்லை. திரும்பத் திரும்ப விழுந்தால் தோலுக்கு அடியில் திசு கொதித்துப் புண்ணாகிறது. எலிகளின் பாதத்தில் இதைச் செய்துகாட்டியும் நிரூபித்தார்கள்.

மருந்தைவிடச் செருப்பு முக்கியம் என்று ஆனது அப்படித்தான். பல பொருள்களை வைத்துப் பார்த்து, வேலூரிலும் பக்கத்திலிருக்கும் கரிகிரியிலும் மைக்ரோசெல்லுலார் ரப்பரில் வந்து நின்றார்கள். ரப்பருக்குள் நுண்ணிய காற்றறைகள். மிதித்தால் அமுங்கி எடையைப் பாதம் முழுக்கப் பரப்பும், அடியில் உறுதியான அட்டை முள்ளைத் தடுக்கும். இன்றும் மருத்துவமனைகளில் எம்.சி.ஆர். செருப்பு என்றால் இதுதான். ஆனால் அந்தக் கறுப்புச் செருப்பைப் பார்த்ததும் இன்ன நோய் என்று ஊர் கண்டுபிடித்துவிடும் என்பதால், வாங்கி மூலையில் போட்டவர்கள் எத்தனையோ பேர். காலைக் காப்பாற்றும் பொருளைக் காலில் போட விடாமல் செய்தோமே, அந்தப் பழி நம்முடையது. வடிவமைக்கிறவர்கள் தோற்றத்தையும் மருத்துவமாகவே எண்ண வேண்டும்.

1966இல் பிராண்ட் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். செங்கல்பட்டிலும் வேலூரிலும் கற்றதை அங்கே சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்குப் பயன்படுத்தினார். நீரிழிவும் பாத நரம்புகளைக் கெடுக்கிறது. புண் வருகிற வழி அதேதான். இன்று உலகெங்கும் நீரிழிவுப் பாத சிகிச்சையில் இருக்கும் அழுத்தம் குறைக்கும் முறைகளுக்குள் நம் ஊர்த் தொழுநோயாளிகளின் கால்கள் இருக்கின்றன. அவர்களில் பெரும்பாலோரின் பெயர் நமக்குத் தெரியாது என்பது எனக்கு ஆறவில்லை.

வீட்டில் சர்க்கரைக்காரர்கள் இருந்தால் ஒன்று செய்யுங்கள். அடுத்த முறை ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது பாதத்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு நைலான் இழையை வளையும் வரை பாதத்தில் அழுத்துவார்கள். 10 கிராம் விசை. கண்ணை மூடிக்கொண்டு, பட்டதா இல்லையா என்று சொல்ல வேண்டும். சில நிமிட வேலை. தெரியவில்லை என்றால் அன்றைக்கே செருப்பை மாற்ற வேண்டும், தினமும் இரவில் பாதத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

அடுத்த வாரம்: சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசனின் குழு உருவாக்கி 2022இல் வெளியான செயற்கை முழங்கால்.