சிறுநீரகம் மாற்றியவருக்குக் காய்ச்சல் வந்தால்

திருச்சியை அடுத்த மண்ணச்சநல்லூரில் காய்ச்சல், இருமல் என்றால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் குறைவு. கடைவீதி மெடிக்கலில் போய், "அண்ணே, உடம்பு வலி, லேசா காய்ச்சல், ரெண்டு வேளைக்கு மாத்திரை குடுங்க" என்றால் வேலை முடிந்தது. காய்ச்சலுக்கு ஒன்று, வலிக்கு ஒன்று, ஆன்டிபயாடிக் ஒன்று, வயிற்றெரிச்சலுக்கு ஒன்று எனச் சின்னக் காகித உறையில் போட்டுத் தந்துவிடுவார்கள். அதுவும் இது அரிசி ஆலை ஊர். தவிட்டுத் தூசியில் நாள் முழுக்க நிற்கிறவருக்கு இருமல் ஒரு நோயாகவே தோன்றாது. இந்தப் பழக்கத்தால் பெரும்பாலோருக்குப் பெரிய கேடு வந்துவிடுவதில்லை. சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவருக்கு வரும். அந்தக் காய்ச்சல் கொரோனாவாக இருந்துவிட்டால் உயிருக்கே வரும்.

"கொரோனாவா? அதெல்லாம் போயாச்சு சார்" என்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று அவசரநிலையை விலக்கிக்கொண்டது உண்மைதான். கிருமி ஒழிந்துவிட்டது என்று அந்த நிறுவனம் சொல்லவில்லை. 2025 ஏப்ரலில் என்பி.1.8.1 என்ற புதுத் திரிபு தமிழ்நாட்டில் ஒருவரிடம் கண்டறியப்பட்டது. மே, ஜூன் மாதங்களில் நாட்டின் பல மாநிலங்களில் தொற்று மீண்டும் கூடிப் பிறகு தணிந்தது. தடுப்பூசியும் போட்டு, ஓரிருமுறை தொற்றும் வந்துபோன உடம்புக்கு அது இன்று மூன்று நாள் சளிக்காய்ச்சல். எதிர்ப்பு சக்தியை மருந்தால் அடக்கி வைத்திருக்கும் உடம்புக்கு அப்படி இல்லை.

மாற்றிப் பொருத்திய சிறுநீரகத்தை உடல் தன்னுடையதாக ஏற்றுக்கொள்வதில்லை. பெற்ற தாய் கொடுத்ததானாலும், மூளைச்சாவு அடைந்த யாரோ ஒருவரின் குடும்பம் மனமிரங்கிக் கொடுத்ததானாலும், ரத்தத்தின் வெள்ளை அணுக்களுக்கு அது அந்நியப் பொருள். அவை பாய்ந்து தாக்காமல் இருக்கத்தான் டேக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், பிரெட்னிசோலோன் என்ற மூன்றையும் பெரும்பாலோர் வேளை தவறாமல் சாப்பிட்டு வருகிறார்கள். சிறுநீரகத்தைத் தொடாதே என்று அடக்கி வைத்த அதே அணுக்கள்தாம் வைரஸையும் விரட்டியாக வேண்டும். அதனால்தான் இவர்கள் உடலில் கொரோனா வாரக்கணக்கில், சிலரிடம் மாதக்கணக்கில்கூடத் தங்குகிறது. இன்னொரு சங்கடமும் உண்டு. பிரெட்னிசோலோன் ஒரு ஸ்டீராய்டு; அது காய்ச்சலை மறைக்கும். தெர்மாமீட்டர் 99 காட்டுகிறதே என்று நிம்மதி அடைய முடியாது.

இந்தியாவில் இதற்கு நல்ல கணக்கு இருக்கிறது. அகமதாபாத் சிறுநீரக மருத்துவர் விவேக் குட்டேயும் மற்ற ஊர்களின் மருத்துவர்களும் சேர்ந்து, 2020 மார்ச் முதல் செப்டம்பர் வரை 13 மையங்களில் கொரோனா தொற்றிய 250 சிறுநீரக மாற்றாளர்களைக் கணக்கெடுத்தார்கள். 29 பேர் இறந்தார்கள். நூற்றுக்கு ஏறத்தாழ 12 பேர். அந்தச் செப்டம்பரில் நாட்டின் பொதுக் கணக்கில் தொற்றியவர்களில் இறந்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு. நியூயார்க்கில் ஒரு மருத்துவமனை அதே ஆண்டின் தொடக்கத்தில் வெளியிட்ட கணக்கு இன்னும் மோசம்: 36 பேரில் 10 பேர் மூன்று வாரத்துக்குள் போய்விட்டார்கள்.

மொத்த எண்ணைவிட அதன் உட்பிரிவுகள்தாம் நமக்குப் பாடம். 250 பேரில் லேசான தொற்று கண்ட 50 பேரை ஆஸ்பத்திரியில் சேர்க்காமலே வெளிநோயாளியாகப் பார்த்துக் குணமாக்கிவிட்டார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு வரை போனவர்கள் 53 பேர். 25 பேர் இறந்தார்கள். வென்டிலேட்டர் வைக்கவேண்டி வந்தவர்கள் 30 பேர். பிழைத்தது ஒருவர். வென்டிலேட்டர் இருக்கிறதா, பெரிய டாக்டர் இருக்கிறாரா என்ற விசாரணைக்கு இதில் இடமே இல்லை. அந்தக் கட்டத்துக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் சிகிச்சை. அதற்கான அவகாசம் முதல் சில நாட்கள். அந்த நாட்களைத்தான் நாம் மெடிக்கல் உறையிலும் கஷாயத்திலும் செலவழிக்கிறோம்.

உறைக்குள் இருப்பதைப் பார்ப்போம். பாராசிட்டமால் பரவாயில்லை. வலி மாத்திரை பெரும்பாலும் டைக்ளோபினாக், ஐபுபுரூபன் வகை. சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைப்பவை இவை. டேக்ரோலிமஸும் அதே வேலையைக் கொஞ்சம் செய்யும் மருந்து. இரண்டும் சேர்ந்து, காய்ச்சலில் நீர் வற்றிய உடம்பும் சேர்ந்தால், சிறுநீரகம் பழுதாவதைக் காட்டும் கிரியேட்டினின் சில நாளில் ஏறிவிடும். அடுத்தது ஆன்டிபயாடிக். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் என்ற இரண்டும் டேக்ரோலிமஸை உடைக்கும் ஈரல் நொதியை முடக்கிவிடும். படை, பூஞ்சைக்குச் சாதாரணமாகக் கொடுக்கும் புளூகோனசோல், இட்ராகோனசோல் ஆகியவையும் அப்படித்தான். ரத்தத்தில் டேக்ரோலிமஸ் இருக்கவேண்டிய அளவு, ஒரு மில்லி லிட்டருக்கு ஒற்றை இலக்க நானோகிராம். அவ்வளவு நுட்பமாகக் கட்டி வைத்த அளவு மேலே போனால் கை நடுங்கும், தலை வலிக்கும், சிறுநீரகம் அடிபடும். மருந்து நஞ்சாகிவிடும். பம்ப்ளிமாஸ் பழத்தைக்கூட வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்வது இதே காரணத்தால்தான். காசநோய்க்குக் கொடுக்கும் ரிபாம்பிசின் இதற்கு நேர் எதிர்: அளவைத் தரைமட்டமாக இறக்கிவிடும். உடல் சிறுநீரகத்தை நிராகரிக்கத் தொடங்கும்.

கொரோனாவுக்கென்றே வந்த மாத்திரையிலும் இந்தப் பொறி உண்டு. நிர்மாட்ரெல்விர், ரிட்டோனாவிர் இரண்டும் சேர்ந்த மாத்திரையை அமெரிக்காவில் பாக்ஸ்லோவிட் என்று விற்கிறார்கள். 2022 முதல் இந்தியக் கம்பெனிகளும் தயாரிக்கின்றன. நல்ல மருந்துதான். அதில் இருக்கும் ரிட்டோனாவிர், அந்த ஈரல் நொதியைக் கிட்டத்தட்ட முழுதாக அடைத்துவிடும். டேக்ரோலிமஸை நிறுத்தி வைத்து, ரத்த அளவு பார்த்து, பிறகு திரும்பத் தொடங்கத் தெரிந்த சிறுநீரக மருத்துவர் கையில்தான் அது மருந்து.

வயிற்றுப்போக்கு வந்தால் டேக்ரோலிமஸ் அளவு குறையும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கூடும். குடல் புண்பட்டிருக்கும்போது வழக்கத்தைவிட அதிக மருந்து ரத்தத்தில் கலந்துவிடுகிறது. கொரோனாவில் வயிற்றுப்போக்கு வருவதும் உண்டு. ஒரு மாத்திரையும் புதிதாகச் சாப்பிடாமலே அளவு கெடலாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இனிக் கஷாயம். 2020இல் கபசுரக் குடிநீரைத் தமிழக அரசே வீடு வீடாகக் கொடுத்தது. அதில் 15 சரக்குகள். திப்பிலி ஒன்று, சீந்தில் ஒன்று. திப்பிலியில் இருக்கும் பைப்பரின், மேலே சொன்ன அதே நொதியை மட்டுப்படுத்தக்கூடியது. சீந்தில் எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் என்பதற்காகவே சேர்க்கப்படுவது. மற்றவருக்கு அது வேண்டும். மாற்றுச் சிறுநீரகம் வைத்திருப்பவருக்கு எதிர்ப்பு சக்தியைத் தூண்டுவது என்றால் அந்தச் சிறுநீரகத்தின் மீது அணுக்களை ஏவிவிடுவது. சித்த மருத்துவத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மாற்று அறுவை என்ற ஒன்று இல்லாத காலத்தில் எழுதப்பட்ட மருந்து முறை அது. "மூலிகைதானே, என்ன பண்ணிடும்" என்று பக்கத்து வீட்டு அக்கா தரும் டம்ளரை இவர்கள் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இதற்கு நேர்மாறான தப்பும் நடக்கிறது. எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரைதானே, கொரோனா போகிறவரை நிறுத்துவோம் என்று வீட்டிலேயே முடிவெடுப்பது. 250 பேர் கணக்கில் பெரும்பாலோருக்கு டாக்டர்கள் மைக்கோபினோலேட் வகையை மட்டும் நிறுத்தினார்கள். டேக்ரோலிமஸிலும் ஸ்டீராய்டிலும் கைவைக்கவில்லை. நெடுநாள் சாப்பிட்ட ஸ்டீராய்டைத் திடீரென்று விட்டால் ரத்த அழுத்தம் சரிந்து ஆளே விழுந்துவிடலாம். எதை நிறுத்துவது, எத்தனை நாள் என்பது தொற்றின் கடுமையைப் பார்த்துச் செய்கிற முடிவு. அதிக ஸ்டீராய்டுக்கும் விலை உண்டு: அது கரும்பூஞ்சைக்கு வழி திறந்துவிடும். 2021இல் கரும்பூஞ்சை பரவியபோது, 18 இந்திய மையங்களில் கொரோனா வந்த 1,382 சிறுநீரக மாற்றாளர்களில் 61 பேரை அது பிடித்தது. நால்வரில் ஒருவர் இறந்தார்.

தடுப்பூசி விஷயத்தில் இவர்களுக்கு நடந்தது அநியாயம் என்றே சொல்வேன். 2021 மார்ச் 1 முதல் 45 வயதைக் கடந்த இணைநோயாளிகளுக்கு ஊசி என்று அறிவித்தபோது, 20 இணைநோய்ப் பட்டியலில் சிறுநீரக மாற்றும் இருந்தது. நல்லது. மேலே சொன்ன 250 பேரின் நடு வயது 43. அதாவது பாதிப் பேருக்கு மேல் அந்த வரம்புக்கு வெளியே. 18 வயதானவர்களுக்கும் உண்டு என்று மே 1இல் கதவு திறந்தபோது கையிருப்பு இல்லை. தமிழ்நாட்டில் அந்த வயதினருக்கான முகாமை முதல்வர் திருப்பூரில் மே 20 அன்று தொடங்கி வைத்தார். மறுநாள் மாநிலத்தின் ஒருநாள் தொற்று 36,184. இரண்டாம் அலையின் உச்சி அதுதான். வயதைப் பார்த்தார்கள், மருந்துச் சீட்டைப் பார்க்கவில்லை.

போட்டுக்கொண்டவருக்கும் முழுக் காப்பு கிடைக்கவில்லை. அமெரிக்காவில் உறுப்பு மாற்றிய 658 பேருக்கு எம்ஆர்என்ஏ வகை ஊசி இரண்டு தவணை போட்ட பிறகு சோதித்தார்கள். 46 விழுக்காட்டினருக்கு எதிரணு துளியும் உண்டாகவில்லை. மூன்றாம் தவணைக்குப் பிறகு பலருக்கு உண்டானது, சிலருக்கு அப்போதும் இல்லை. ஆகவே "நான்தான் ஊசி போட்டாச்சே" என்பது இவர்களுக்குப் போதாது. வீட்டில் இருக்கிற மற்றவர்களும் போட்டிருக்க வேண்டும். இருமுகிறவர், அது மகனோ மருமகளோ, முகக்கவசம் போட்டுக்கொண்டு தனியே படுக்க வேண்டும். சமயபுரம் பூச்சொரிதலுக்கும் சித்திரைத் தேருக்கும் போகக் கூடாது என்று யாரையும் தடுக்க முடியாது. அந்த நெரிசலில் முகக்கவசம் இல்லாமல் நிற்கக் கூடாது என்று சொல்லலாம்.

மண்ணச்சநல்லூரிலிருந்து நம்பர் ஒன் டோல்கேட் வந்து, கொள்ளிடம், ஸ்ரீரங்கம், காவிரி எல்லாம் தாண்டித்தான் திருச்சி புத்தூர் அரசு மருத்துவமனைக்குப் போகவேண்டும். தூரம் பெரிதில்லை, இரவு பத்து மணிக்கு அதுவே பெரிய தூரமாகத் தோன்றி, "காலையில பார்த்துக்கலாம்" என்று சொல்லவைக்கும். முதல் நாள் தொண்டை கரகரக்கும்போதே மாற்று அறுவை செய்த மையத்துக்கோ, மாதாமாதம் பார்க்கும் சிறுநீரக மருத்துவருக்கோ போன் போட்டுவிடுங்கள். கொரோனா பரிசோதனையை அவர் சொல்லும் முன்பே கேளுங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலை ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். எந்த டாக்டர், எந்த மெடிக்கல் ஆனாலும் முதலில் அதை நீட்டுங்கள். 2020 ஊரடங்கில் பஸ் நின்றபோது மாத்திரை தீர்ந்து தவித்ததை மறக்காமல் ஒரு மாத இருப்பு கையில் வையுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஒன்று வீட்டில் இருக்கட்டும். அது 94க்குக் கீழே காட்டினால், மூச்சு வாங்கினால், சிறுநீர் குறைந்தால், 108ஐ அழையுங்கள். மணி எத்தனையானாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.