ஒழுகும் குழாய்

பத்து நாட்களாக நம் வீட்டுச் சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. பழுது பார்ப்பவருக்குச் சொல்லியனுப்பினோம். "நாளை வருகிறேன்" என்றார். அந்த நாளை மட்டும் வரவேயில்லை. பதினோராம் நாள் காலையில் நம் மனைவியார் குழாயின் கீழ் ஒரு டம்ளரை வைத்து, நம்மைக் கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னார். 200 மில்லி லிட்டர் கொள்ளும் டம்ளர் பத்தே நிமிஷத்தில் நிரம்பிற்று. அப்படியானால் நாளொன்றுக்கு 144 டம்ளர்; அதாவது 28.8 லிட்டர். பத்து நாளில் 288 லிட்டர். 15 லிட்டர்க் குடத்தால் அளந்தால் பத்தொன்பது குடத்திற்கு மேல்! பள்ளியில் தினந்தோறும் கணக்குப் போதிக்கும் நாம், வீட்டில் இந்தக் கணக்கைப் போடாமல் இருந்துவிட்டதற்காக வெட்கமடைந்தோம்.

கம்பம் பள்ளத்தாக்கில் வசிப்போர் தண்ணீரை அலட்சியம் செய்வது மற்றெவரும் செய்வதைவிடப் பெரிய குற்றமாகும். மேற்கே ஓடி அரபிக் கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, ஏறக்குறைய 5,700 அடி நீளமுள்ள சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பிய நீரல்லவா நம்முடையது! 1895-ஆம் வருஷம் அந்த அணை முடிவு பெற்றது. அதைக் கட்டிய பென்னிகுவிக் துரையின் பெயரைத் தம் குழந்தைகளுக்கு இட்டிருப்போர் இப்பக்கத்தில் பலர் உண்டு. காட்டில் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் இரையான தொழிலாளிகளின் பெயர்களையோ நாம் அறியோம். அவர்கள் உழைப்பினால் வந்த நீரே இப்பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நெல் வயலை இருபோகம் விளையச் செய்கிறது. அணையில் 142 அடி வரை நீர் தேக்கலாம் என்று 2014-ஆம் வருஷம் மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வருஷம் நவம்பரில், 35 ஆண்டுகளுக்குப் பின் நீர்மட்டம் அந்த அளவை எட்டியபோது நாம் அடைந்த ஆனந்தம் கொஞ்சமா? அணையில் ஓர் அடி நீருக்காக உச்ச நீதிமன்றம் வரையில் செல்லத் தெரிந்த நமக்கு, வீட்டுக் குழாயில் ஒழுகும் நீரை நிறுத்தத் தெரியவில்லையென்றால் அது நியாயமாகுமா?

அன்று மாலையே கடைக்குச் சென்று ஒரு வாஷரும் ஒரு ஸ்பானரும் வாங்கி வந்தோம். வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது. செய்த முறையை நேயர்களுக்குச் சொல்லுகிறோம்.

முதலில், தண்ணீர் வரும் வழியிலுள்ள கேட் வால்வை மூடவேண்டும். பிறகு குழாயைத் திறந்து, தங்கியிருக்கும் நீரை வடித்துவிட வேண்டும். சிறு திருகாணி எதுவும் விழுந்து மறையாதபடி, தொட்டியின் துவாரத்தைத் துணியால் அடைப்பது நலம். குழாயின் தலைப்பாகத்தில் துணியைச் சுற்றி, ஸ்பானரைக் கொண்டு இடப்புறமாகத் திருகினால் அது கழன்று வரும். அதன் அடியில் தேய்ந்தோ வெடித்தோ கிடக்கும் சிறு ரப்பர் வளையந்தான் வாஷர். அதை எடுத்துவிட்டு, அதே அளவுள்ள புதியதைப் பொருத்தவேண்டும். வாஷர் படியும் இடத்தில் சுண்ணாம்புப் படிவோ மணலோ இருந்தால் துடைத்துவிடவேண்டும். இல்லாவிடில் புதிய வாஷரும் சீக்கிரம் கெட்டுவிடும். பிறகு தலைப்பாகத்தை முன்போல் முடுக்கி, வால்வை மெதுவாகத் திறக்கலாம்.

கால் சுற்றில் திறந்து மூடும் புதுமாதிரிக் குழாய்களில் இந்த வாஷர் கிடையாது. அவற்றில் உட்பாகம் முழுவதையும் மாற்றவேண்டும். பழைய உட்பாகத்தையே கடைக்கு எடுத்துச் சென்று காட்டினால் அளவு தவறாது.

குழாய் சுவரோடு சேரும் மரையில் கசிவு இருந்தால், அதைக் கழற்றி மரையைச் சுத்தம் செய்து, டெஃப்லான் டேப்பைச் சுற்றவேண்டும். மரையின் முனையை நம்மை நோக்கிப் பிடித்துக்கொண்டு, கடிகார முள் செல்லும் திசையில் சுற்றவேண்டும். எதிர்த் திசையில் சுற்றினால் முடுக்கும்போது டேப் உருண்டு வந்துவிடும்.

கழிவறைத் தொட்டியின் ஒழுக்குக் கண்ணுக்குத் தெரியாது. இரவில் அத்தொட்டியில் கொஞ்சம் மஞ்சள் பொடியைக் கரைத்து, அரை மணி நேரம் யாரும் உபயோகிக்காமல் விட்டுப் பாருங்கள். கீழே பீங்கானில் மஞ்சள் நிறம் தென்பட்டால் உள்ளே ரப்பர் அடைப்புப் பழுதுபட்டிருக்கிறதென்று அறியலாம். அதையும் மாற்றுவது எளிதே. ஆனால் சுவருக்குள் புதைந்த குழாய், மோட்டார், மின்சார வெந்நீர்க் கலம் ஆகியவற்றில் நாம் கைவைக்கலாகாது. அவற்றைத் தொழில் தெரிந்தவரிடமே விடவேண்டும்.

படித்தவன் கையில் ஸ்பானர் பிடிப்பது கௌரவக் குறைவு என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் முழுவதும் ஒழியவில்லை. கைத்தொழிலின் வாயிலாகவே கல்வி அமையவேண்டும் என்று 1937-ஆம் வருஷத்தில் வார்தா மகாநாட்டில் காந்தியடிகள் வற்புறுத்தினார். பட்டம் பெற்ற நமக்கு அந்தப் பாடம் மிகத் தாமதமாகவே, அதுவும் ஒரு சமையலறைக் குழாயினால் கிடைத்தது.

இன்றிரவு வீட்டார் யாவரும் உறங்கிய பின்பு, நேயர்கள் சிறிது நேரம் செவிசாய்த்துக் கேட்பார்களாக. எங்கேனும் 'சொட்டு, சொட்டு' என்ற ஓசை கேட்டால், நாளை காலை ஒரு வாஷர் வாங்கத் தவறவேண்டாம். வேலையைச் செய்யும்போது வீட்டுப் பிள்ளைகளையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்த முறை அவர்களே செய்துவிடுவார்கள்.