வாடகை வீடு: எதைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கக் கூடாது?

சென்னையில் 80 லட்சம் ரூபாய்க்கு ஒரு ஃபிளாட் வாங்கி, மாதம் 20,000 ரூபாய் வாடகைக்கு விட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 2,40,000 ரூபாய். போட்ட பணத்தில் 3 சதவீதம். ஆள் மாறும் ஆண்டில் ஒரு மாதம் வீடு பூட்டிக் கிடந்தால் 20,000 போயிற்று. பெயின்ட், புரோக்கர் கமிஷன், சொத்து வரி, குழாய் வேலை என்று இன்னொரு 40,000 கழித்தால் கையில் நிற்பது 1,80,000. அதாவது 2.25 சதவீதம். வீட்டின் விலை ஏறும் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் யாரும் இந்தக் கணக்குக்கு உட்கார மாட்டார்கள்.

இத்தனை சிறிய வருமானத்தில் குடித்தனக்காரரிடம் எவ்வளவு விட்டுக்கொடுப்பது? 5ஆம் தேதி வர வேண்டிய வாடகை 15ஆம் தேதி வந்தால் பலருக்கு ரத்தம் கொதிக்கிறது. 12 சதவீத வட்டி போட்டாலும் அந்தத் தாமதத்தின் நஷ்டம் 66 ரூபாய்தான். அதற்காக ஆளை மாற்றினால் ஒரு மாத வாடகையும் கமிஷனும் போகும். மாதம் 2,000 கூடுதலாகக் கொடுப்பவர் கிடைப்பார் என்று பழையவரை அனுப்புவதும் அப்படியே. வீடு ஒரு மாதம் காலியாக இருந்தால், அந்த இழப்பை ஈடுகட்டவே பத்து மாதம் பிடிக்கும். சுவரில் ஆணி அடித்தார், ஊரிலிருந்து வந்த உறவினர் பத்து நாள் தங்கினார் என்றெல்லாம் முகம் சுளிப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

வாடகை அடியோடு நின்றுபோவது வேறு விஷயம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. பத்து மாத அட்வான்ஸுக்குப் பழகிய ஊருக்கு இது பெரிய மாற்றம். அதே சட்டப்படி, இரண்டு மாத பாக்கி சேர்ந்து, கேட்பு நோட்டீஸ் கொடுத்து ஒரு மாதத்துக்குள்ளும் அது வராவிட்டால்தான் பாக்கியைக் காரணம் காட்டி வெளியேற்றக் கோரலாம். இரண்டும் ஒன்றும் மூன்று. மனு போடும் நாளிலேயே மூன்று மாத அட்வான்ஸ் தீர்ந்திருக்கும். வழக்கு நடக்கும் காலமெல்லாம் உரிமையாளரின் கைப்பணம். ஆகவே பத்து நாள் தாமதத்துக்குப் பேசாமல் இருக்கலாம். இரண்டாவது மாதமும் வராதபோது, "பாவம், கொடுத்துவிடுவார்" என்று நோட்டீஸைத் தள்ளிப்போடுவது கட்டுப்படியாகாது.

நோட்டீஸ் செல்ல வேண்டுமானால் காகிதம் சரியாக இருக்க வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பத்திரப் பதிவு கட்டாயம் என்பதால், 11 மாதத்துக்கு எழுதி வைத்துக்கொள்வது நம் ஊர்ப் பழக்கம். புதிய சட்டத்தில் இந்தச் சாமர்த்தியம் எடுபடாது. எத்தனை மாதமானாலும் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்யவும் வேண்டும்.

எவ்வளவு தாங்க முடியும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். 60 லட்சம் கடனுக்கு 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டு தவணை என்றால் மாத ஈ.எம்.ஐ. சுமார் 52,000. வாடகை முழுதாக வந்தாலும் 32,000 கையிலிருந்துதான் போகிறது. இவரால் மூன்று மாத காலியைத் தாங்க முடியாது. கடனில்லாத மாடி வீட்டை விட்டிருப்பவருக்கு அது வெறும் எரிச்சல். வாடகையையே ஓய்வூதியமாக நம்பியிருக்கும் முதியவருக்கோ மருந்துச் செலவு.

பாக்கி ஏறியதும் தண்ணீர் மோட்டாரை நிறுத்துவதும் மின்சாரத்தைத் துண்டிப்பதும் பழைய ஆயுதங்கள். சட்டம் இரண்டையும் வெளிப்படையாகத் தடுக்கிறது. பாக்கிக்காக மனு போட வேண்டியவர், தண்ணீருக்காகப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். குடித்தனக்காரர்கள் கவனிக்க வேண்டியதும் ஒன்று உண்டு. காலி செய்யும்போது பெயின்டுக்கென்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது சென்னையில் வழக்கம். ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால் சரி. எழுதாவிட்டால், சட்டத்தின் அட்டவணைப்படி வெள்ளையடிப்பது உரிமையாளரின் செலவு. குழாய் வாஷர் மாற்றுவதுதான் குடியிருப்பவருடையது.