காசு கொடுத்தும் வாங்க முடியாத மருந்து

நுளம்பு ஆள் பார்த்துக் கடிப்பதில்லை என்பார்கள். இது பாதி உண்மைதான். கதிர்காமப் பகுதியில் செய்யப்பட்டு 1991இல் வெளியான ஓர் ஆய்வு, மண் சுவரும் கிடுகுக் கூரையும் கொண்ட வீடுகளில் வாழ்ந்தோருக்கு, பூச்சுப் பூசிய கல்வீடுகளில் வாழ்ந்தோரைவிட மலேரியா கூடுதலாக வந்ததைக் காட்டியது. அரைகுறைச் சுவரில் நுளம்பு நுழைவதற்கு வழி உண்டு. ஒதுங்கியிருக்க இருளும் உண்டு. கடியிலேயே ஏற்றத்தாழ்வு தொடங்குகிறது. கடித்த பின்னர் வைத்தியம் கிடைப்பதில் அது இன்னும் பெரிதாகிறது.

பசியும் காய்ச்சலும்

1934இல் பருவமழை பொய்த்தது. மகா ஓயா, தெதுரு ஓயா போன்ற ஆறுகள் வற்றிக் குட்டைகளாகத் தேங்கின. மலேரியா நுளம்பு பெருகுவதற்கு அதுவே வாய்ப்பாயிற்று. கேகாலை, குருநாகல் பகுதிகளில் பரவிய கொள்ளைநோயில் 1935 வரையில் ஏறக்குறைய 80,000 பேர் இறந்தனர். வயல் விளையாமல் பட்டினி கிடந்த குடும்பங்களே அதிகம் அழிந்தன. உதவிக்குச் சென்ற சூரியமல் இயக்கத் தொண்டர்கள் கொயினாவுடன் பருப்பையும் கொண்டு சென்றார்கள். வெறும் வயிற்றில் இருப்பவனை மருந்து மட்டும் காப்பாற்றாது என்பதை அவர்கள் கண்டறிந்திருந்தார்கள்.

யுத்த காலத்தில்

1999இல் நாடு முழுவதிலும் 264,000க்கும் மேற்பட்டோர் மலேரியாவுக்கு ஆளாகினர். வடக்கு கிழக்கு மாவட்டங்களே பெருஞ்சுமையைத் தாங்கின. வன்னிக்கு மருந்துப் பொருட்கள் அனுமதி பெற்றே போக வேண்டியிருந்தது. மரத்தடியிலும் தரப்பாளின் கீழும் படுத்தவர்கள் வலை கட்ட இடமின்றித் தவித்தார்கள். குளோரோகுயின் விலை குறைந்த மருந்து. ஆனால் அதைப் பெறுவதற்கு ஒரு விவசாயி இழந்த வேலைநாளும், பாதையில் கழிந்த நேரமும் விலை கூடியவை.

இருந்தும் மலேரியாத் தடை இயக்க ஊழியர்கள் இரு பக்கமும் பணியாற்றினார்கள். நடமாடும் மருத்துவக் குழுக்கள் குருதி எடுத்து, அங்கேயே பரிசோதித்து, மருந்து கொடுத்தன. நோயாளி மருந்தைத் தேடி அலையாமல், மருந்து நோயாளியைத் தேடிச் சென்றது. இதன் பலன் பெரிது. உள்நாட்டில் தொற்றிய மலேரியாவினால் ஏற்பட்ட கடைசி மரணம் 2007இல். உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில். 2016 செப்டெம்பர் 5ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

இன்றைய ஆபத்து

நோய் ஒழிந்தது, அதைப் பரப்பும் நுளம்பு ஒழியவில்லை. இந்தியாவிலிருந்தும் ஆபிரிக்காவிலிருந்தும் வருவோருடன் கிருமி ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்கிறது. 2018இல் மொனராகலை மாவட்டத்தில், இந்தியாவிலிருந்து வந்த ஒரு தொழிலாளியிடமிருந்து உள்ளூர்வாசி ஒருவருக்கு நோய் தொற்றியது. நகரத்துக் கிணறுகளிலும் சீமெந்துத் தொட்டிகளிலும் பெருகக்கூடிய புதிய வகை மலேரியா நுளம்பு மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டதாக 2017இல் அறிவிக்கப்பட்டது.

கொழும்பில் இன்னொரு சிக்கல் உண்டு. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ காய்ச்சல் என்று போனால், வைத்தியர் முதலில் டெங்கு என்றே நினைப்பார். அது இயல்பு. நாம் பயண விபரத்தைச் சொன்னால்தான் மலேரியா அவர் நினைவுக்கு வரும்.

இந்த இடத்தில்தான் ஏழை பின்தங்குகிறார். வியாபாரத்துக்காக ஆபிரிக்கா போய் வந்தவர் தயங்காமல் சொல்லிவிடுவார். காணியை ஈடு வைத்து, ஏஜென்சிக்காரர் மூலம் புறப்பட்டு, வழியில் அகப்பட்டுத் திரும்பிய பிள்ளை சொல்வதற்கு அஞ்சுவான். 2012இல் மேற்கு ஆபிரிக்காவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட புகலிடம் கோரியோரிடையே மலேரியா கண்டுபிடிக்கப்பட்டது. பரிசோதனை செய்திராவிட்டால் அவர்களிற் பலர் பனடோலுடன் வீட்டிலேயே கிடந்திருப்பார்கள். தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பும் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். நாட்கூலிக்குப் போகிறவர் ஒரு நாளை இழக்க மனமின்றி மூன்று நாள் பொறுத்துப் பார்ப்பார். பல்சிபாரம் என்னும் கொடிய வகை மலேரியா அந்த மூன்று நாளில் மூளையைத் தாக்கிவிடலாம்.

ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. இலங்கையில் மலேரியா மருந்து பார்மசியில் விற்கப்படுவதில்லை. தனியார் வைத்தியசாலையில் படுத்திருக்கும் செல்வந்தருக்கும் மலேரியாத் தடை இயக்கமே மருந்தை வழங்குகிறது, அதுவும் இலவசமாக. காசு கொடுத்தும் வாங்க முடியாத மருந்து, காசில்லாதவருக்கும் கிடைக்கிறது. பிந்தாமல் போய்ச் சேருவதுதான் நம் பொறுப்பு.

நாம் செய்ய வேண்டியவை

1. வெளிநாடு சென்று வந்து ஓராண்டுக்குள் காய்ச்சல் வந்தால், அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். "இந்த நாட்டிலிருந்து வந்தேன், மலேரியாவுக்குக் குருதி பாருங்கள்" என்று நீங்களே கேளுங்கள். கொழும்பில் இருப்போர் நாரஹேன்பிட்டியிலுள்ள இயக்கத் தலைமையகத்துக்கும் போகலாம்.

2. வந்த வழியை மறைக்காதீர்கள். வைத்தியர் பார்ப்பது நோயை, கடவுச்சீட்டை அல்ல.

3. வைவாக்ஸ் வகைக் கிருமி ஈரலில் ஒளிந்திருந்து மாதங்கள் கழித்தும் எழும்பும். ஆகையால் பிறைமாகுயின் மருந்தைச் சொன்ன நாட்கள் முழுவதும், வழக்கமாக 14 நாள், குடிக்க வேண்டும். கர்ப்பிணிகள் தம் நிலையை முன்கூட்டியே சொல்ல வேண்டும். அவர்களுக்கு இது கொடுக்கப்படுவதில்லை.

4. ஆபிரிக்க நாடுகளுக்குப் போகிறவர்கள் புறப்படுமுன் இயக்கத்திடம் தடுப்பு மருந்தைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

5. வன்னியில் காணி திருத்தக் குடியேறுவோர் கிணற்றையும் தண்ணீர்த் தொட்டியையும் மூடி வையுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் உள்ளே விடுங்கள்.

ஒரு கிராமத்தில் ஒருவர் வைத்தியமின்றிக் கிடந்தால், அவருடைய குருதியிலிருந்து நுளம்பு கிருமியை எடுத்துக்கொண்டு அயல்வீட்டுக்குப் போகும். ஏழையின் காய்ச்சலைக் கவனிப்பது தருமம் மட்டுமல்ல. ஊரையே காக்கும் வேலை. பக்கத்து அறையில் யாராவது போர்த்திக்கொண்டு நடுங்கினால், எங்கே போய் வந்தாய் என்று அன்போடு கேளுங்கள். பஸ் காசு இல்லையென்றால் கொடுத்து, கூடவே போங்கள்.