உணவுத் தட்டும் நிலத்தடி நீரும்

ஒரு குடும்பம் என்ன உண்ணுகிறது என்பது அக்குடும்பத்தின் தனி விருப்பம் என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆனால், கோடிக்கணக்கான குடும்பங்களின் அன்றாட உணவு ஒரே திசையில் மாறும்போது, அம்மாற்றம் உண்பவரின் உடலோடு நின்றுவிடுவதில்லை. எந்த நிலத்தில் எந்தப் பயிர் விளைய வேண்டும், அதற்கு எவ்வளவு நீர் இறைக்கப்பட வேண்டும் என்பனவும் அதனால் மாறுகின்றன. நம் நாட்டு மக்களின் உணவில் சோளம், கம்பு, கேழ்வரகு ஆகியவை வகித்த இடத்தை அரிசியும் கோதுமையும் பெற்ற வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

பற்றாக்குறையிலிருந்து தன்னிறைவு

1965, 1966 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பருவமழை பொய்த்தது. 1966ஆம் ஆண்டில் சுமார் 1 கோடி டன் உணவு தானியத்தை இறக்குமதி செய்ய வேண்டிய நிலை ஏற்பட்டது. இந்நிலையை மாற்ற உயர் விளைச்சல் தரும் கோதுமை, நெல் வகைகள் பரப்பப்பட்டன. 1965இல் தோன்றிய இந்திய உணவுக் கழகம், உறுதியான விலையில் இவ்விரண்டையும் கொள்முதல் செய்தது. 1950-51இல் சுமார் 5 கோடி டன்னாக இருந்த உணவு தானிய உற்பத்தி 2022-23இல் சுமார் 33 கோடி டன்னாக உயர்ந்தது. பஞ்சத்தின் அச்சத்திலிருந்து நாட்டை விடுவித்த இச்சாதனையைக் குறைத்து மதிப்பிட இயலாது.

எனினும், கொள்முதல் உறுதி இரண்டு தானியங்களுக்கே பெரிதும் கிடைத்தது. சோளம், கம்பு, கேழ்வரகு ஆகியவற்றுக்கும் ஆதரவு விலை அறிவிக்கப்பட்ட போதிலும், அவ்விலையில் அவற்றை வாங்குவோர் குறைவாகவே இருந்தனர். விளைவு, 1950-51இல் சுமார் 1.5 கோடி ஹெக்டேரில் பயிரிடப்பட்ட சோளம் இன்று 50 லட்சம் ஹெக்டேருக்கும் குறைவான நிலத்திலேயே விளைகிறது. பருப்பு வகைகளும் பின்தங்கின. 1961இல் நாளொன்றுக்கு ஒருவருக்கு 69 கிராம் என்றிருந்த பருப்பு, 2007இல் சுமார் 35 கிராமாகக் குறைந்தது. பின்னர் ஓரளவு உயர்ந்த போதிலும் பழைய அளவை எட்டவில்லை.

நிலம் தரும் எச்சரிக்கை

பஞ்சாப் மக்களின் மரபான உணவு கோதுமையும் மக்காச்சோளமுமே ஆகும். 1960-61இல் அங்கு நெல் பயிரான பரப்பு சுமார் 2.27 லட்சம் ஹெக்டேர். இன்று அது 30 லட்சம் ஹெக்டேரைத் தாண்டிவிட்டது. அங்கு விளையும் அரிசியில் பெரும்பகுதி பிற மாநிலங்களின் நியாயவிலைக் கடைகளுக்கே செல்கிறது. இந்நெல்லுக்கு வேண்டிய நீரை ஆழ்துளைக் கிணறுகளே பெரிதும் தருகின்றன. ஆண்டுதோறும் எடுக்கத்தக்க நிலத்தடி நீர் 100 பங்கு என்றால், அம்மாநிலத்தில் 150 பங்குக்கும் அதிகமாக இறைக்கப்படுகிறது.

நீர்மட்டம் சரிவதைத் தடுக்கும் நோக்குடன் 2009இல் அம்மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. கோடையின் கடுமை தணியுமுன் நாற்று நடுவதை அது தடை செய்தது. ஆனால், நடவு தள்ளிப் போகும்போது அறுவடையும் தள்ளிப் போகிறது. கோதுமை விதைப்புக்குச் சில வாரங்களே எஞ்சுவதால், வயலில் நிற்கும் நெற்தாளை எரிப்பதே உழவருக்கு எளிய வழியாகிறது. அப்புகை குளிர்காலத் தொடக்கத்தில் தில்லி வரை சென்று காற்றை மாசுபடுத்துகிறது. மேலும், நீர் தேங்கிய நெல் வயல்கள் புவியின் வெப்பத்தைக் கூட்டும் மீத்தேன் வாயுவை வெளிவிடுகின்றன. கம்பு, கேழ்வரகு போன்றவையோ மானாவாரி நிலத்தில் குறைந்த மழையிலேயே விளையக்கூடியவை. பருப்புப் பயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்த்து, உரத் தேவையையும் குறைக்கின்றன.

உடல் தரும் எச்சரிக்கை

2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதத்தினரும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதத்தினரும் இரத்தசோகை உடையவர்கள். அதே ஆய்வில் பெண்களில் 24 சதவீதத்தினர் மிகை எடை உடையவர்களாகக் காணப்பட்டனர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து, 2023இல் வெளியான மற்றோர் ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு நோய் இருப்பதாக மதிப்பிட்டது.

இவற்றுக்குக் காரணங்கள் பல. உணவு அவற்றுள் முக்கியமானது. நெல்லைத் தீட்டி வெள்ளையாக்கும்போது தவிட்டுடன் நார்ச்சத்தும் தாதுப்பொருள்களும் நீங்குகின்றன. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உள்ளது. தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராம் அளவே. கம்பில் உள்ள இரும்புச்சத்தும் தீட்டிய அரிசியில் உள்ளதைவிடப் பன்மடங்கு அதிகம். எனினும் தானியத்தை மாற்றுவதால் மட்டும் இரத்தசோகை நீங்கிவிடாது. கீரை, பருப்பு, காய்கறி ஆகியவை சேர வேண்டும். எலுமிச்சை, நெல்லிக்காய் போன்றவை உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்க உதவுகின்றன. உணவுடன் அருந்தும் தேநீர் அதைத் தடுக்கிறது.

மக்கள் கைவிட்டது ஏன்?

சிறுதானியங்களை மக்கள் அறியாமையால் கைவிட்டனர் என்று கூறுவது பொருந்தாது. தினை, சாமை, வரகு ஆகியவற்றின் உமியை நீக்குவது கடும் உழைப்பு. அவ்வுழைப்பு முழுவதும் பெண்களின் தோளிலேயே விழுந்தது. கம்பு மாவு சில நாட்களிலேயே கசந்துவிடும். அரிசியோ ஆலையில் தீட்டப்பட்டு, கடையில் மலிவாகக் கிடைத்தது. வறிய குடும்பம் மலிவானதை வாங்கியதில் வியப்பில்லை. இன்று நகரக் கடைகளில் அழகிய உறைகளில் விற்கப்படும் சிறுதானியம், ஒரு காலத்தில் அதை உண்டு வாழ்ந்த கூலித் தொழிலாளிக்கு எட்டாத விலையில் இருக்கிறது.

எனவே, விருப்பத்தை மாற்றுமாறு மக்களுக்கு அறிவுரை கூறுவதற்கு முன், அவ்விருப்பத்துக்கு வழி திறப்பது அவசியமாகும். 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அரிசி, கோதுமையுடன் இத்தானியங்களையும் வழங்க இடமளிக்கிறது. கர்நாடகம் கேழ்வரகையும் சோளத்தையும் நியாயவிலைக் கடைகளில் வழங்கி வருகிறது. ஒடிசா 2017இல் தொடங்கிய சிறுதானியத் திட்டத்தின் மூலம், பழங்குடி மக்கள் வாழும் மாவட்டங்களில் கேழ்வரகை ஆதரவு விலைக்கு வாங்கி, மாநில மக்களுக்கே வழங்கியது. கொள்முதல், ஆலை, விநியோகம் ஆகிய மூன்றும் இணைந்தால்தான் பயிரும் திரும்பும், பழக்கமும் திரும்பும் என்பதே இவை தரும் பாடம். இந்தியாவின் முன்மொழிவை ஏற்று ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் ஆண்டைச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கடைப்பிடித்தது. விழா முடிந்துவிட்டது, கிராமந்தோறும் உமி நீக்கும் இயந்திரம் வைக்கும் பணி எஞ்சியிருக்கிறது.

அரிசியையும் கோதுமையையும் விலக்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. வாரத்தில் சில வேளைகளேனும் அவற்றின் இடத்தில் அந்தந்தப் பகுதியில் விளையும் தானியமும், ஒரு பிடி பருப்பும் இடம்பெறுமாயின், உடலுக்கு வலிமை சேரும். நிலத்தடி நீருக்கும் சற்று ஓய்வு கிடைக்கும். அடுப்பில் என்ன வேகிறது என்பதும், ஆழ்துளைக் கிணற்றில் எவ்வளவு நீர் எஞ்சுகிறது என்பதும் வேறு வேறு பிரச்சினைகள் அல்ல. திட்டமிடுவோரும் இல்லத்தாரும் இவ்வுண்மையை ஒருங்கே உணர்ந்து செயற்பட்டால், உணவில் பெற்ற தன்னிறைவு உடல்நலத்திலும் நிலைபெறும் என்பதில் ஐயமில்லை.