சங்கத்து வண்டி குளிரில் ஏன் கிளம்பவில்லை?

நீலகிரியில் மார்கழியும் தையும் உறைபனிக் காலம். பகலில் வெயில் நன்றாகவே காயும். இரவில் வானம் தெளிந்து காற்றும் ஓய்ந்துவிட்டால், குளிர்ந்த காற்று சரிவுகளில் வழிந்து பள்ளங்களில் வந்து தங்கிவிடுகிறது. விடியற்காலையில் புல்வெளியும் உருளைக்கிழங்குத் தோட்டமும் உப்பைத் தூவினாற்போல் வெளுத்துக் கிடக்கும். தேயிலைக் கொழுந்து கருகுவதும் இந்நாட்களில்தான். உதகமண்டலத்தைச் சுற்றியுள்ள தாழ்ந்த இடங்களில் வெப்பம் பூஜ்யம் டிகிரிக்கு இறங்குவதுண்டு. சில நாட்களில் அதற்குக் கீழும் போய்விடும்.

அத்தகைய குளிரில் ஒரு சங்கத்தின் மோட்டார் வண்டி கிளம்ப மறுத்த கதையையும், அதனால் ஓர் ஊழியரின் நற்பெயருக்கு நேரவிருந்த இழுக்கையும் இங்கே எழுதுகிறோம். சங்கத்தின் பெயர் வேண்டா. கேரட், முட்டைக்கோசு, உருளைக்கிழங்கு பயிரிடுவோர் சேர்ந்த சங்கம் என்றால் போதும். அங்கத்தினரின் கேரட்டைக் கழுவி, மூட்டை கட்டி, இரவே வண்டியில் ஏற்றிவிடுவார்கள். காலை நான்கு மணிக்கு வண்டி கிளம்பி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கவேண்டும். நேரத்தில் சேர்ந்த சரக்குக்கு ஒரு விலை. பிந்திச் சேர்ந்த சரக்குக்கு வேறொரு விலை. வண்டி நான்கு சிலிண்டர் டீசல் என்ஜின் கொண்ட சிறு லாரி. ஓட்டுநர் ஐம்பது வயதைக் கடந்தவர். சங்கத்தில் நெடுநாள் ஊழியம் செய்பவர்.

சென்ற ஆய்வின்போது சங்கத்தின் செலவுச் சீட்டுகளைப் பார்த்து வந்த நாம், பதின்மூன்று மாதங்களுக்குள் இரண்டு பாட்டரிகள் வாங்கப்பட்டிருப்பதைக் கண்டோம். ஸ்டார்ட்டர் ஒரு முறை பழுது பார்க்கப்பட்டிருந்தது. வண்டியை டிராக்டரால் கட்டியிழுத்த கூலி என்று நான்கைந்து சீட்டுகள் வேறு. முதல் பாட்டரி வாங்கியபோது பழையதைக் கடையில் கொடுத்துக் கழிவு பெற்றிருந்தார்கள். இரண்டாவது பட்டியலில் கழிவு இல்லை. 'பாட்டரி அடிக்கடி வாங்கப்படும் காரணம் ஆராயப்படவேண்டும். பழைய பாட்டரிக்குக் கணக்கு இல்லை' என்று ஆய்வுக் குறிப்பில் எழுதிவிட்டு வந்தோம். இவ்வளவே நாம் எழுதியது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, பாட்டரியின் விலையை ஓட்டுநரின் சம்பளத்தில் பிடித்தம் செய்வதென நிர்வாகக் குழு தீர்மானம் நிறைவேற்றிவிட்டது.

ஓட்டுநர் நம்மைத் தேடி வந்தார். "சார், பாட்டரியை விற்றுத் தின்றேன் என்று ஊரில் பேசுகிறார்கள். பழைய பாட்டரி கிடங்கில்தான் இருக்கிறது. அது கெட்டுப்போகவில்லை என்று எனக்குத் தோன்றியதால் கடைக்காரரிடம் கொடுக்கவில்லை. ஒரு நாள் காலையில் நீங்களே வந்து வண்டியைப் பாருங்கள்" என்றார்.

அவருக்கு எதிராக நின்றது மேட்டுப்பாளையத்துப் பட்டறைக்காரரின் சொல். வண்டியை மூன்று முறை பார்த்துவிட்டு, மூன்று முறையும் 'பழுது ஒன்றுமில்லை' என்று எழுதிக் கொடுத்திருந்தார். அவர் பொய் சொல்லவில்லை. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துக்குமேல் ஏறக்குறைய 325 மீட்டர் உயரத்தில் இருக்கும் சமவெளி ஊர். சங்கம் இருப்பதோ 2,000 மீட்டருக்கும் மேலே. வண்டி மலையிறங்கி வந்து சேரும்போது என்ஜின் நன்றாகச் சூடேறியிருக்கும். சாவியைத் திருப்பிய மாத்திரத்தில் கிளம்பும். இரவில் மட்டும் வரும் காய்ச்சலுக்கு நண்பகலில் நாடி பார்த்தால் வைத்தியர் வேறென்ன சொல்வார்?

தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் பயிற்றுநராயிருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரை அழைத்துக்கொண்டு தை மாதத்தில் ஒரு நாள் மாலை மலையேறினோம். இரவு சங்க அலுவலகத்திலேயே தங்கினோம். நான்கு மணிக்கு எழுந்து பார்த்தபோது வண்டியின் முன்கண்ணாடியில் பனி படிந்து வெள்ளைத் தகடாயிருந்தது. சுமை ஏறிய வண்டியைச் சுற்றி அங்கத்தினர் ஏழெட்டுப் பேர் கம்பளி போர்த்தி நின்றனர். தாம் சொல்லும்வரை யாரும் சாவியைத் தொடக்கூடாது என்று நண்பர் கட்டளையிட்டுவிட்டார்.

முதலில் அவர் பாட்டரியின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்தார். 12.5 வோல்ட் காட்டியது. நிறைவாக மின்னேற்றிய பாட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் அளவு காட்டும், 12.4 என்றால் முக்கால் பங்கு; 12.0-க்கு இறங்கிவிட்டால் கால் பங்குதான் மிச்சம் என்று கொள்ளலாம். ஆகவே பாட்டரியில் சரக்கு இருந்தது. அடுத்து சாவியைத் திருப்பச் சொன்னார். என்ஜின் முனகிக்கொண்டு, ஒரு சுற்றுக்கும் மறு சுற்றுக்கும் இடையே மூச்சு வாங்கிச் சுழன்றது. அப்போது பாட்டரியின் முனைகளில் 10.6 வோல்ட் நின்றது. சுமையின்போது 9.6-க்குக் கீழே விழுந்தால்தான் பாட்டரியைச் சந்தேகிக்கவேண்டும். நண்பர் மீட்டரை ஸ்டார்ட்டருக்கு மாற்றினார். அங்கே 8.1. இரண்டரை வோல்ட் வழியிலேயே தொலைந்து போயிருந்தது.

எங்கே தொலைந்தது? மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எதிர் முனையிலும் மற்றதை என்ஜினின் இரும்பிலும் வைத்துப் பார்த்தபோது, ஏறக்குறைய இரண்டு வோல்ட் அந்த இடைவெளியிலேயே நின்றது. அரை வோல்ட் இருந்தாலே அதிகம் என்றார் நண்பர்.

பாட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்குச் செல்லும் மின்சாரம் என்ஜின் வழியாகவும் வண்டியின் சட்டத்தின் வழியாகவும் திரும்பி வரவேண்டும். ஆனால் அதிர்ச்சி தாங்குவதற்காக என்ஜினை ரப்பர் கட்டைகளின்மேல் அமர்த்தியிருக்கிறார்கள். ரப்பரில் மின்சாரம் பாயாது. எனவே என்ஜினையும் சட்டத்தையும் இணைக்கச் செம்புக் கம்பிகளால் பின்னிய பட்டை ஒன்று உண்டு. எர்த் பட்டை என்பார்கள். இந்த வண்டியில் அது சேற்றுக்குள் மறைந்து, பச்சைக் களிம்பேறி, பாதி இழைகள் அறுந்து கிடந்தது. அதன் ஒரு முனையைப் பெயிண்டின்மேலேயே வைத்துத் திருகியிருந்தார்கள்.

விளக்கு பளிச்சென்று எரிகிறதே, ஹாரன் அடிக்கிறதே, மின்சாரம் வரவில்லை என்று எப்படிச் சொல்வது என்று குழு உறுப்பினர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. விளக்குகளுக்கும் ஹாரனுக்கும் சில ஆம்பியர்கள் போதும். இத்தகைய டீசல் என்ஜினின் ஸ்டார்ட்டரோ இருநூறு ஆம்பியருக்கும் மேலே இழுக்கும். பாதி அடைபட்ட மடையில் சிறு நீர் தடையின்றி ஓடும். ஏரி திறந்த வெள்ளம் அதே மடையில் முட்டி நின்றுவிடும்.

குளிர் வந்தால் இந்த முட்டல் மேலும் கூடுகிறது. பாவுக்குப் போடும் கஞ்சி ஆறினால் தடித்துப்போவதை நெசவாளர் அங்கத்தினர் அறிவர். என்ஜின் எண்ணெயும் அப்படித்தான். தடித்த எண்ணெயைப் புரட்ட ஸ்டார்ட்டருக்கு அதிக மின்சாரம் வேண்டும். அதே நேரத்தில் பாட்டரியினுள் இரசாயன மாற்றம் மந்தப்பட்டு, பூஜ்யம் டிகிரி அளவில் அதன் வலு சுமார் மூன்றில் இரண்டு பங்காகிவிடுகிறது. தேவை கூடுகிற வேளையில் வரவு குறைகிறது. சங்கக் கணக்கில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறோம்.

இனி நாம் ஒப்புக்கொள்ளவேண்டிய ஒன்று உண்டு. பட்டையைக் கண்டவுடன் செலவுச் சீட்டுகளை மறுபடியும் புரட்டினோம். முந்திய ஆண்டு அக்டோபரில் கிளட்ச் வேலைக்காக என்ஜினை இறக்கி ஏற்றியிருக்கிறார்கள். பட்டையைக் கழற்றித் திரும்பத் தவறாகப் பூட்டியது அப்போதுதான் என்று கொள்ள இடமிருக்கிறது. முதல் பாட்டரி வாங்கியது அதே ஆண்டு டிசம்பரில். இரண்டாவது மறு ஆண்டு டிசம்பரில். இடையே பிப்ரவரி முதல் நவம்பர் வரை கட்டியிழுத்த கூலி ஒன்றுகூட இல்லை. பாட்டரி கெட்டிருந்தால் பத்து மாதம் எப்படி ஓடியிருக்கும்? தேதிகள் யாவும் நம் கண்முன்னே இருந்தன. தொகைகளைக் கூட்டிப் பார்த்த நாம் மாதங்களைக் கூட்டிப் பார்க்கவில்லை.

நண்பர் கொண்டு வந்திருந்த தடித்த கேபிளால் பாட்டரியின் எதிர் முனையை நேரே என்ஜினோடு இணைத்துவிட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னார். என்ஜின் விறுவிறுவென்று சுழன்றது. கூடி நின்றவர்கள் ஆரவாரித்தார்கள். ஆனால் வண்டி கிளம்பவில்லை! புகைக்குழாயிலிருந்து வெண்புகை மட்டும் குபுகுபுவென்று வந்தது.

வெண்புகையைக் கண்டு நண்பருக்கு மகிழ்ச்சியே. புகையே வராவிட்டால் டீசல் என்ஜினுக்குள் போகவில்லை என்று பொருள். வடிகட்டியில் அடைப்பு, நீர், காற்று இவற்றைத் தேடவேண்டியிருக்கும். வெண்புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, ஆனால் தீப்பற்றாமல் ஆவியாக வெளிவருகிறது. டீசல் என்ஜினில் பெட்ரோல் என்ஜினைப்போலப் பொறி கிடையாது. காற்றை நெருக்கும்போது பிறக்கும் சூட்டிலேயே டீசல் பற்றவேண்டும். குளிர்ந்த இரும்பு அந்தச் சூட்டை உறிஞ்சிவிடுகிறது. 2,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமும் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. நெருக்குவதற்குக் காற்றே குறைவாக அகப்படுகிறது. இக்குறையை ஈடு செய்யவே சிலிண்டருக்கு ஒன்றாக க்ளோ பிளக் என்னும் சூடேற்றி வைத்திருக்கிறார்கள். சாவியை முதல் கட்டத்தில் திருப்பினால் சுருள் வடிவ மஞ்சள் விளக்கு எரிகிறதே, அது அணையும்வரை பொறுப்பது அந்தப் பிளக்குகள் சிவக்கக் காய்வதற்காகத்தான்.

பிளக்குகளை இணைக்கும் தகட்டைக் கழற்றிவிட்டு, சோதனை விளக்கின் ஒரு முனையைப் பாட்டரியின் நேர் முனையிலும் மறு முனையை ஒவ்வொரு பிளக்கிலும் வைத்துப் பார்த்தார் நண்பர். முதலாவதும் நான்காவதும் விளக்கை எரித்தன. நடு இரண்டும் செத்திருந்தன. மீண்டும் தகட்டைப் பூட்டி, மூன்று முறை பிளக்கைக் காயவைத்துச் சாவியைத் திருப்பியதில், இரண்டு சிலிண்டர்களில் தடதடத்து, பின் நான்கிலுமாகப் பற்றிக்கொண்டு வண்டி கிளம்பியது. அப்போது மணி ஐந்தே முக்கால். அன்றைய கேரட் பிந்தித்தான் மண்டி சேர்ந்தது. விலையும் இறங்கித்தான் கிடைத்தது.

கிடங்கில் சாக்குகளுக்குப் பின்னே இருந்த பழைய பாட்டரியை எடுத்துக் குன்னூருக்குக் கொண்டுபோய் ஒரு நாள் முழுதும் மின்னேற்றினோம். ஆறு அறைகளிலும் திரவத்தின் அடர்த்தி 1.260 அளவில் ஒத்து நின்றது. ஓட்டுநர் சொன்னது சரி.

எண்ணெய் விஷயத்தையும் சொல்லிவிடவேண்டும். மலிவாய்க் கிடைத்ததென்று சங்கத்தார் 20W-50 எண்ணெயைப் பீப்பாயாக வாங்கி ஊற்றி வந்தனர். வண்டியின் கையேட்டில் குறித்திருந்தது 15W-40. இதில் W என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்து; அதற்கு முன்னுள்ள எண் சிறியதாயின் குளிரில் எண்ணெய் எளிதாக ஓடும். பீப்பாய் வாங்கியதில் மிஞ்சிய தொகையைவிட டிராக்டர் கூலி அதிகம்.

1912-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கெட்டரிங் என்பவர் அமைத்த மின் ஸ்டார்ட்டர் காடிலாக் வண்டிகளில் வந்ததற்கு முன், பெரும்பாலோர் முன்புறம் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்றித்தான் மோட்டாரைக் கிளப்பினார்கள். இக்கால வண்டியில் அதற்குத் துளைகூட இல்லை. ஆகவே மலை ஓட்டுநர்கள் வண்டியைச் சரிவில் நிறுத்தி, இரண்டாவது கியரில் உருட்டிக் கிளப்பும் வழக்கத்தைக் கையாள்கிறார்கள். சுமையேறிய வண்டியில் இருட்டில் இதைச் செய்வதை நாம் ஆதரிக்கமாட்டோம். என்ஜின் ஓடாதபோது பிரேக்குக்கு உதவும் விசையும் ஸ்டியரிங்குக்கு உதவும் விசையும் கிடையா. எண்ணெய்த் தொட்டியின் அடியில் கந்தையைக் கொளுத்திக் காட்டுவதும் சில இடங்களில் உண்டு. வண்டியே எரிந்துபோகக்கூடிய காரியம் அது. டீசலில் மண்ணெண்ணெய் கலப்பதும் வேண்டா. டீசல் மெழுகாய் உறைவது லடாக் போன்ற இடங்களின் தொல்லை. அங்கே பூஜ்யத்துக்குக் கீழே 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019-இல் வெளியிட்டது. நீலகிரியின் குளிர் அந்த அளவுக்குச் செல்வதில்லை. சாவியைத் திருப்பிப் பத்து விநாடிக்குள் பற்றவில்லையென்றால் விட்டுவிட்டு, அரை நிமிடமாவது பொறுத்து மறுபடி முயலவேண்டும். ஸ்டார்ட்டர் பழுதானது இந்தப் பொறுமை இன்மையால்தான் என்று ஓட்டுநரே ஒப்புக்கொண்டார். காத்திருக்கும் அங்கத்தினர் கூச்சலிடும்போது பொறுமை எங்கிருந்து வரும் என்றும் கேட்டார்.

புதிய எர்த் பட்டையும் நான்கு பிளக்குகளும் அடுத்த வாரமே பூட்டப்பட்டன. பட்டையின் விலை அலுவலகத்தில் ஒரு வாரத் தேநீர்ச் செலவுக்குக் கூடக் காணாது. எண்ணெய் மாற்றப்பட்டது, பீப்பாயில் மிஞ்சியதை என்ன செய்வதென்று குழு இன்னும் முடிவு செய்யவில்லை. ஓட்டுநர்மீது பிடித்தம் செய்வதென்ற தீர்மானம் அடுத்த கூட்டத்தில் ரத்தாயிற்று. ஏற்கெனவே பிடித்த ஒரு மாதத் தொகையும் திருப்பிக் கொடுக்கப்பட்டது. 'பழைய பாட்டரி கிடங்கில் உள்ளது. நல்ல நிலையில் இருக்கிறது' என்று நாமும் ஆய்வுக் குறிப்பின் ஓரத்தில் எழுதித் தேதியிட்டுக் கையொப்பமிட்டோம்.