கத்தரிக்குக் காவல்

காலையில் நிமிர்ந்து நின்ற கத்தரிக் கொழுந்து சாயங்காலத்துக்குள் தலை தொங்கிவிடும். மற்ற கிளைகளெல்லாம் பச்சைப்பசேலென்று இருக்கும். தண்ணீர் போதவில்லை என்று இன்னொரு குடம் ஊற்றுகிறவர்கள் அநேகம். அந்தக் கொழுந்தைக் கிள்ளி, தண்டை நகத்தால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். ஈரக் கழிவுக்கு நடுவே வெளிறிய ரோஜா நிறத்தில் ஒரு புழு நெளியும். லூசினோடஸ் ஆர்போனாலிஸ் என்று அறிவியல் பெயர் கொண்ட தண்டு, காய்த்துளைப்பான் அது. சந்தையில் நாம் ‘சொத்தை’ என்று ஒதுக்கும் காய்களில் பெரும்பாலானவை அதன் கைங்கரியம்.

இதன் தாய், பழுப்புத் திட்டுகள் கொண்ட சின்ன வெள்ளை அந்துப்பூச்சி. இருட்டிய பிறகுதான் நடமாடும். பெரும்பாலும் இலையின் அடிப்பக்கத்தில் முட்டை வைக்கும். ஒரு பூச்சி 250 முட்டைகள் வரைகூட இடும். முட்டையிலிருந்து வந்த புழு சில மணி நேரத்திலேயே தண்டுக்குள்ளோ காய்க்குள்ளோ புகுந்து, நுழைந்த வழியைத் தன் கழிவாலேயே அடைத்துக்கொள்கிறது. காயில் அது நுழையும் இடம் பெரும்பாலும் காம்புத் தொப்பிக்கு அடியில் ஒளிந்திருக்கும். காயின் நடுவில் பளிச்சென்று தெரிகிற ஓட்டை, பெரும்பாலும் தின்று முடித்த புழு வெளியேறிய வழி.

மருந்துக் குப்பி தோற்றுப்போவது இங்கேதான். புழு வெளியில் அகப்படுவது அந்தச் சில மணி நேரம் மட்டுமே. பிறகு எவ்வளவு அடித்தாலும் மருந்து அதைத் தொடாது. தொடுவதெல்லாம் அந்தப் புழுவையே தேடி வந்து முட்டையிடும் ட்ரத்தாலா போன்ற ஒட்டுண்ணிக் குளவிகளைத்தான். காவலுக்கு இருந்ததும் போய், நம் குழம்பில் நஞ்சு மட்டும் மிஞ்சும். இந்த ஒரு புழுவை முன்னிட்டு உருவானதுதான் மரபணு மாற்றிய பி.டி. கத்தரி. 2010 பிப்ரவரியில் இந்தியா அதை நிறுத்தி வைத்தது. 2013-இல் வங்கதேசம் அனுமதித்தது. அந்தச் சர்ச்சை பெரியது. வீட்டுத் தோட்டத்தில் நாலைந்து செடி வைத்திருப்பவருக்கு அது தேவையில்லை, கையே போதும்.

வாடிய கொழுந்தைக் கண்ட அன்றே, வாடிய இடத்துக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். பக்கக் கிளை தானே வெடிக்கும். வெட்டியதைச் செடியடியில் போட்டுவிட்டால் புழு ஊர்ந்து வெளியேறி, சருகுக்குள் கூட்டுப்புழுவாகிவிடும். அதனால் எரிக்க வேண்டும், அல்லது மண்ணில் ஆழமாகப் புதைக்க வேண்டும். காய்ப்பு ஓய்ந்த கத்தரி மாரை வேலியோரம் குவித்து வைப்பதும் இதே தவறுதான். அடுத்த நடவுக்கான பூச்சி அங்கிருந்தே புறப்பட்டு வரும்.

பெண் பூச்சி ஆணை அழைக்க வெளியிடும் மணத்தின் வேதிப்பொருளை 1987-இல் சீன ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அதையே செயற்கையாகச் செய்து ரப்பர் குப்பியில் ஏற்றித்தான் இனக்கவர்ச்சிப் பொறி விற்கிறார்கள். செடியின் உச்சி மட்டத்தில் தொங்கவிட்டால் ஆண் பூச்சிகள் வந்து சிக்கும்.

வலை கட்டினால் அந்துப்பூச்சி நுழையாது. ஆனால் தேனீயும் நுழையாது. கத்தரிப் பூவின் மகரந்தப்பை நுனியில் மட்டும் துளையுள்ள மஞ்சள் குழாய். தச்சத்தேனீ பூவைக் கவ்விக்கொண்டு ரீங்கரிக்கும் அதிர்வில்தான் மகரந்தம் பொலபொலவென்று கொட்டுகிறது. கத்தரி தன் மகரந்தத்தாலேயே காய்க்கக் கூடியதுதான். வலைக்குள் இருக்கும் செடியைக் காலையில் லேசாக உலுக்கிவிட்டால் தேனீ இல்லாத குறை பெருமளவு தீரும்.

இலையைச் சுரண்டிச் சல்லடையாக்கும் புள்ளி வண்டுக்கு வேப்பம்பருப்புக் கரைசல் நல்லது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் பருப்பு. இடித்து, இரவு முழுக்க ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்பு கரைத்துத் தெளிக்கலாம். அதிலுள்ள அசாடிராக்டின் வெயிலில் சிதைந்துவிடும் என்பதால் சாயங்காலம்தான் சரியான நேரம்.

மயில், ஆடு, குரங்கு, போகிற போக்கில் பறித்துப்போகும் கை என்று காலும் கையும் உள்ள எதிரிகள் வேறு வகை. சோளக்கொல்லை பொம்மையைப் பறவைகள் சீக்கிரமே கண்டுகொள்ளும். ஒரே இடத்தில் நின்று ஒன்றும் செய்யாத உருவத்துக்குப் பயப்படுவது வீண் என்று பழகிவிடும். வைத்தால், இரண்டு நாளைக்கொரு முறை இடம் மாற்ற வேண்டும். நம் உழவர்கள் பழைய சேலையை வேலியாகக் கட்டுவதில் கூர்மையான அறிவு இருக்கிறது. அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று மயிலுக்கும் பன்றிக்கும் தெரிவதில்லை. துணி காற்றில் ஒரே மாதிரி அசைவதுமில்லை. குரங்குக்கு மட்டும் இது பலிக்காது.

மனிதரைத் தடுக்கவும் சேலை உதவும். வீதியோரத் தோட்டத்தில், கண்ணில் படும் காய்தான் பறிபோகிறது. சும்மா செடியைப் பிடுங்கிப் போடுகிறவர்கள் கையும் எட்டும் தூரத்துக்குத்தான் நீளும். கத்தரியையும் தக்காளியையும் உள்வரிசைக்குத் தள்ளி, வேலியோரம் கீரையும் ஆடாதொடையும் வைக்கலாம். இன்னும் இடமிருந்தால் முள்ளோடு கிளுவை. காய் முற்றும் வரை காத்திருக்காமல் இரண்டு மூன்று நாளைக்கொரு முறை இளசாகப் பறித்துவிடுங்கள். வேலியோரக் கைக்கு எதுவும் மிஞ்சாது. உள்ளே புழு இருந்தாலும், அது வெளியேறி அந்துப்பூச்சியாகும் முன் உங்கள் அரிவாள்மணையில் வந்து அகப்படும்.